இழுவை வேறு, நிதானம் வேறு: கொரியக் காதல் தொடர்கள் ஏன் மனதில் தங்குகின்றன?

ஒரு பெண் காலை வேளையில் பாமசி ஒன்றுக்குள் வருகிறாள். முதல்நாள் இரவு குடித்ததில் தலையிடி. கொடுத்த மருந்தை அங்கேயே குடித்துவிட்டுப் பணம் கொடுக்கப் பார்த்தால் பணப்பையைக் காணவில்லை. பாமசிக்காரர் கோபிக்கவில்லை, பிறகு தரலாம் என்கிறார். அவள் நூலகமொன்றில் வேலை செய்பவள். பல வருடக் காதலன் ஒருவன் அவளுக்கு இருக்கிறான். அவரோ மனைவியில்லாதவர், ஒரு சின்ன மகனுக்குத் தகப்பன். 2019 ஆம் ஆண்டு எம்.பி.சி தொலைக்காட்சியில் ஒளிபரப்பான 'வன் ஸ்பிரிங் நைட்' தொடர் இப்படித்தான் தொடங்குகிறது. கார் மோதவில்லை, மழையில் குடை பறக்கவில்லை, பணக்கார வாரிசு யாரும் வரவில்லை. கடன் வைத்த மருந்துக் காசு ஒன்று, அவ்வளவுதான்.

கொரிய நாடகம் என்றாலே கோடீஸ்வரன் மகனும் ஏழைப் பெண்ணும் என்று நினைப்பவர்களுக்கு இந்த வகை புதிதாக இருக்கும். ஆனால் கடந்த பத்துப் பதினைந்து வருடங்களில் தென் கொரியாவில் இதற்கென்று ஒரு தனி ஓடை உருவாகியிருக்கிறது. 'சம்திங் இன் த ரெயின்' (2018), 'வென் த வெதர் இஸ் ஃபைன்' (2020), 'மை லிபரேஷன் நோட்ஸ்' (2022) போன்றவை இந்த வகை. போர் கழிந்த பின்னும் அதன் சுமையோடு வாழும் எங்கள் வாசகர்கள் பலர் இரவில் போனில் இவற்றைப் பார்க்கிறார்கள். இதை வெறும் பொழுதுபோக்கு என்று தள்ளிவிடுவதற்கு முன், இந்தத் தொடர்கள் என்ன செய்கின்றன என்று பார்ப்பது பயனுள்ளது.

நேரத்தைச் செலவிடும் விதம்

மெதுவாக நகரும் தொடர் எங்களுக்குப் புதிதல்ல. வாரத்தில் ஐந்தாறு நாள், ஆயிரம் அத்தியாயம் தாண்டியும் ஓடும் தமிழ்த் தொடர்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். ஒரு மாமியார் திரும்பிப் பார்ப்பதை மூன்று கோணத்தில், இடிமுழக்கத்தோடு காட்டுவார்கள். அங்கே நேரம் நின்றுவிடுகிறது, ஏனென்றால் கதையை முடிக்க யாருக்கும் விருப்பமில்லை. அது இழுவை.

கொரியத் தொடரின் அமைப்பு வேறு. வழமையாக 16 அத்தியாயங்கள், வாரத்துக்கு இரண்டு, ஒவ்வொன்றும் ஒரு மணித்தியாலமோ சற்றுக் கூடவோ. பெரும்பாலும் ஒரே எழுத்தாளர் முழுத் தொடரையும் எழுதுகிறார். முடிவு எப்போது என்று தொடங்கும்போதே தெரியும். இரண்டு மாதத்துக்குள் முடியப்போகும் கதையில், இரண்டு பேர் பஸ் தரிப்பிடத்திலிருந்து வீடுவரை நடப்பதற்கு நான்கு நிமிடம் ஒதுக்கினால், அந்த நடை முக்கியம் என்று பொருள். இந்த நிதானத்துக்குப் பெயர்போன இயக்குநர் ஆன் பன்-சொக். 'சம்திங் இன் த ரெயின்', 'வன் ஸ்பிரிங் நைட்' இரண்டும் அவருடையவை. கமரா சற்றுத் தூரத்தில் நிற்கும். பேச்சு முடிந்த பிறகும் வெட்டாமல் காத்திருக்கும். சொல்லி முடித்தவர் தான் சொன்னதை நினைத்துச் சங்கடப்படுவதையும் நாங்கள் பார்த்துவிடுகிறோம்.

இந்தக் காத்திருப்பு எல்லாருக்கும் உடனே பிடிப்பதில்லை. 'மை லிபரேஷன் நோட்ஸ்' தொடங்கியபோது கொரியாவில் அதன் பார்வையாளர் வீதம் 3 சதவீதத்துக்கும் குறைவு. பார்த்தவர்கள் மற்றவர்களுக்குச் சொல்லச் சொல்ல, கடைசி அத்தியாயத்தில் அது 6 சதவீதத்தைத் தாண்டியது.

சோறும் சொல்லும்

'சம்திங் இன் த ரெயின்' என்பது வெளிநாட்டுக்கு வைத்த பெயர். கொரிய மொழியில் அதன் தலைப்பு 'நல்லாய்ச் சாப்பாடு வாங்கித் தரும் அழகான அக்கா' என்ற பொருள் தருவது. கொரிய மொழியில் சோற்றுக்கும் சாப்பாட்டுக்கும் ஒரே சொல்தான். 'சாப்பிட்டாயா?' என்பது அங்கேயும் சுகம் விசாரிக்கும் கேள்வி. ஆகவே காதலைச் சொல்லத் தெரியாத பாத்திரங்கள் சூப்புக் கோப்பையைத் தள்ளி வைக்கிறார்கள், மீனில் முள் எடுத்துக் கொடுக்கிறார்கள். 'ஐ லவ் யூ' என்று சொல்லிப் பழகாத வீடுகளில் வளர்ந்த தமிழருக்கு இதற்கு உபதலைப்பே தேவையில்லை.

இன்னொரு விஷயம் ஆங்கில உபதலைப்பில் முழுக்கத் தொலைந்துபோகிறது. கொரிய மொழியில் மரியாதைப் பேச்சு, நெருக்கப் பேச்சு என்று வேறு வேறு நிலைகள் உண்டு. வினைச்சொல்லின் ஈறே மாறிவிடும். இரண்டு பேர் பழகத் தொடங்கி, ஒருநாள் மரியாதைப் பேச்சை விட்டு நெருக்கப் பேச்சுக்கு வருவதுதான் பல தொடர்களில் முதல் முத்தத்தை விடப் பெரிய திருப்பம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'யூ' தான். தமிழில் எங்களுக்கு நீயும் நீங்களும் உண்டு. யாழ்ப்பாணத்தில் இரண்டுக்கும் நடுவில் 'நீர்' வேறு இருக்கிறது. 'நீங்கள்' என்று பேசியவர் ஒருநாள் 'நீர் வாரும்' என்றால் என்ன நடந்திருக்கிறது என்று எங்களுக்குத் தெரியும். அந்த இடறலைத்தான் இந்தத் தொடர்கள் பல அத்தியாயங்களுக்கு வளர்க்கின்றன.

காதலைச் சுற்றியிருக்கும் வேலையும் கடனும்

இவற்றை யதார்த்தமானவை என்று சொல்வதற்கு முக்கிய காரணம், காதலர்களுக்கு வேலை இருக்கிறது, வேலையில் பிரச்சினை இருக்கிறது. 'சம்திங் இன் த ரெயின்' நாயகி ஜின்-ஆ ஒரு கோப்பிக் கொம்பனியில் வேலை செய்கிறாள். அலுவலக விருந்துகளில் மேலதிகாரிகளின் கையை விலக்கிக்கொண்டு சிரிக்கவேண்டிய நிலை. 2018 ஜனவரி 29 ஆம் திகதி, அரச வழக்கறிஞரான சோ ஜி-ஹியொன் தனக்கு நடந்த பாலியல் துன்புறுத்தலை ஜே.ரி.பி.சி தொலைக்காட்சிச் செய்தியில் நேரடியாகச் சொன்னார். கொரியாவில் 'மீ டூ' இயக்கம் பெரிதாக எழுந்தது அதற்குப் பிறகுதான். இரண்டு மாதம் கழித்து அதே அலைவரிசையில் ஜின்-ஆவின் கதை தொடங்கியது. அவளும் பேசுகிறாள், பேசியதற்காக ஓரங்கட்டப்படுகிறாள். காதல் அவளைக் காப்பாற்றவில்லை. இனிச் சிரித்து மழுப்பத் தேவையில்லை என்ற துணிவை மட்டும் கொடுக்கிறது.

'மை லிபரேஷன் நோட்ஸ்' இல் மூன்று சகோதரர்கள் சியோலுக்கு வெளியே ஒரு கிராமத்திலிருந்து தினமும் நீண்ட பயணம் செய்து நகரத்துக்கு வேலைக்குப் போய்வருகிறார்கள். கடைக்குட்டி மி-ஜோங் பழைய காதலனுக்காகத் தன் பெயரில் வாங்கிய கடனை வீட்டுக்குத் தெரியாமல் கட்டிக்கொண்டிருக்கிறாள். வங்கிக் கடிதம் வீட்டுக்கு வந்துவிடுமோ என்ற பயம்தான் அவளுக்கும், பக்கத்தில் தனியே குடித்துக்கொண்டிருக்கும் கூ என்பவருக்கும் இடையில் முதல் பேச்சை உண்டாக்குகிறது. பிறகு ஒருநாள் அவள் அவரிடம் காதலைக் கேட்கவில்லை; 'என்னைப் போற்றும்' என்ற பொருளில் ஒரு சொல்லைச் சொல்கிறாள். கொரியர்களே அன்றாடம் பாவிக்காத அந்தச் சொல் அங்கே பெரிய பேச்சாகியது. எவராலும் ஒரு தடவையேனும் முழுமையாக மதிக்கப்படாத ஒருவருக்கு நேசத்தை விட மதிப்பு அவசரமானது என்பதை அந்தக் காட்சி பிடித்துவிடுகிறது. மகனைத் தொலைத்துவிட்டு அலுவலகம் அலுவலகமாக வரிசையில் நின்ற தாய்மாருக்கு இந்த வேறுபாடு தெரியும்.

இடிந்த கட்டடத்துக்குப் பிறகு

இந்த வரிசையில் எங்கள் வாசகர்கள் கட்டாயம் பார்க்கவேண்டியது என்று நான் சொல்வது 'ரெயின் ஓர் ஷைன்'. 'ஜஸ்ட் பிட்வீன் லவ்வர்ஸ்' என்ற பெயரும் அதற்கு உண்டு. 2017 டிசம்பரில் தொடங்கி 2018 ஜனவரியில் முடிந்தது. ஒரு வணிகத் தொகுதி இடிந்து விழுகிறது. தங்கையை இழந்த முன்-சுவும், தகப்பனை இழந்து, கால் நொருங்கி, உதைபந்தாட்டக் கனவையும் இழந்த கங்-துவும் உயிர் தப்புகிறார்கள். பல வருடங்களுக்குப் பிறகு அதே நிலத்தில் புதிய கட்டடம் எழும்போது மீண்டும் சந்திக்கிறார்கள்.

கதை கற்பனை, ஆனால் கொரியர் எவருக்கும் 1995 ஜூன் 29 நினைவுக்கு வராமல் இருக்காது. அன்று சியோலில் சம்பூங் பல்பொருள் அங்காடி இடிந்து 502 பேர் இறந்தார்கள். 900க்கும் மேற்பட்டவர்கள் காயப்பட்டார்கள். அந்த நிலத்தில் இன்று ஆடம்பர மாடிக் குடியிருப்பு நிற்கிறது. நினைவுச் சின்னம் அங்கே இல்லை. தொலைவில் உள்ள ஒரு பூங்காவுக்குள் இருக்கிறது. 2014 ஏப்ரல் 16 இல் செவோல் கப்பல் மூழ்கி 304 பேர் பலியானார்கள். பெரும்பாலானோர் பாடசாலை மாணவர்கள். நீதி கேட்ட பெற்றோரைப் பார்த்து 'இனிப் போதும், மறந்துவிட்டு முன்னே போங்கள்' என்ற குரல்கள் அங்கேயும் எழுந்தன. அந்த வசனத்தை எங்கள் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

தொடரில் ஒரு காட்சி. நிலத்தில் நடப்பட்டிருக்கும் நினைவுக் கல்லைக் கங்-து சுத்தியலால் உடைக்கிறான். 2021 ஜனவரியில் யாழ். பல்கலைக்கழக நினைவுத்தூபி இரவோடிரவாக இடிக்கப்பட்டதைக் கண்டவர்களுக்கு முதலில் இது அதிர்ச்சியாக இருக்கும். ஆனால் இங்கே உடைப்பவன் அதிகாரி அல்ல, தப்பிப் பிழைத்தவன். கணக்கை மூடுவதற்காக நட்ட கல் அது என்பதால் உடைக்கிறான். கட்டட மாதிரிகள் செய்யும் முன்-சுவிடம் புதிய நினைவிடத்தை வடிவமைக்கும் வேலை வருகிறது. இருவருமாக இறந்தவர்களின் குடும்பங்களைத் தேடிப் போகிறார்கள். அவர்களுடைய காதல் வளர்வது இந்தப் பயணத்தில்தான்.

குடும்பங்களும் அப்படியே. முன்-சுவின் தாய் குளியல் விடுதி நடத்துகிறாள், குடிக்கிறாள். தகப்பன் பிரிந்துபோய் நூடில்ஸ் கடை வைத்திருக்கிறார். இழப்பு அவர்களை ஒன்றுசேர்க்கவில்லை, பிரித்துவிட்டது. அக்காவுக்கோ, தங்கையைத் தனியே விட்ட குற்ற உணர்வு. துக்கம் மனிதரை நல்லவர்களாக்கும் என்ற பொய்யை இந்தத் தொடர் சொல்வதில்லை. மெதுவாக நகர வேண்டிய தேவையும் இங்கேதான் புரிகிறது. இப்படிப்பட்ட இரண்டு பேர் மூன்றாவது அத்தியாயத்தில் பாட்டுப் பாடினால் யாரும் நம்பமாட்டார்கள்.

ரீவிக்கு முன்னால் அழுத நாடு

கொரியர்களுக்கும் தொலைக்காட்சிக்கும் உள்ள உறவில் ஒரு பழைய அத்தியாயம் உண்டு. 1950 முதல் 1953 வரையான போரில் சிதறிய குடும்பங்களைத் தேடி, 1983 ஜூன் 30 இரவு கே.பி.எஸ் நிறுவனம் நேரடி நிகழ்ச்சி ஒன்றை ஒளிபரப்பியது. 95 நிமிடத்துக்கென்று திட்டமிட்டது, 138 நாட்களாக நீண்டது. மொத்தம் 453 மணித்தியாலம் 45 நிமிடம். பெயர், ஊர், எங்கே எப்படிப் பிரிந்தோம் என்று எழுதிய மட்டைகளைப் பிடித்துக்கொண்டு கமரா முன்னால் மக்கள் நின்றார்கள். நிலையத்தின் சுவர் முழுக்கத் தாள்கள் ஒட்டப்பட்டன. 10,000க்கும் மேற்பட்ட சந்திப்புகள் நடந்தன. 2015 இல் யுனெஸ்கோ அந்த ஒளிப்பதிவுகளை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

முப்பது வருடம் கழித்துச் சந்தித்த அண்ணனும் தங்கையும் பேச்சு வராமல் நிற்பதை ஒரு தேசமே விழித்திருந்து பார்த்தது. சாதாரண மனிதரின் முகத்தை, அது பேசும்வரை பொறுத்துப் பார்க்கலாம் என்று அந்த நாட்டுப் பார்வையாளருக்கு எவரும் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் படங்களை மட்டையில் ஒட்டி வருடக்கணக்காக வீதியோரம் இருக்கும் எங்கள் அம்மாக்களுக்கு, அப்படியொரு 138 நாள் எந்த அலைவரிசையிலும் கிடைத்ததில்லை.

காட்டாமல் விடுவது

யதார்த்தம் என்று சொன்னாலும் இவை விற்பனைக்குச் செய்த பண்டங்கள். நடிகர்கள் அழுதாலும் அழகு குலைவதில்லை. கோப்பியும் அழகுசாதனமும் விளம்பரக் கணக்கில் காட்சிக்குள் வருகின்றன. 'சம்திங் இன் த ரெயின்' பிற்பகுதியில் நாயகி தாயின் நெருக்குதலுக்குத் திரும்பத் திரும்ப வளைந்துபோவது அங்கேயே பலரைச் சலிப்படைய வைத்தது. 'ரெயின் ஓர் ஷைன்' கடைசியில் நாயகனை ஈரல் நோயில் தள்ளி, சாவின் வாசலுக்குக் கொண்டுபோய்த் திருப்பி எடுப்பது பழைய மெலோடிராமாதான்.

இதைவிடப் பெரிய குறை ஒன்று. கட்டடத்தை இடியவிட்ட கொம்பனியும், அனுமதி கொடுத்த அதிகாரியும் பொறுப்புச் சொல்லவேண்டிய இடத்தில், காயத்தை ஆற்றும் வேலையைக் காதலியின் மடியில் போட்டுவிடுகின்றன இந்தக் கதைகள். அன்பான ஒருவர் கிடைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பது இதமான நம்பிக்கை. நீதிக்கு அது மாற்றில்லை. திரைக்கு வெளியே கொரியாவில் காதலும் கலியாணமும் பல வருடங்களாகக் குறைந்துகொண்டே வந்தன. 2023 இல் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 0.72 குழந்தை என்ற அளவுக்குப் பிறப்பு வீதம் இறங்கியது. காதல், கலியாணம், பிள்ளை மூன்றையும் கைவிட்ட தலைமுறை என்று இளைஞரைக் குறிக்க அங்கே ஒரு சொல்லே இருக்கிறது. வீட்டு விலையும் வேலைநேரமும் பறித்துக்கொண்டதைத்தான் திரை ஒரு மணித்தியாலத்துக்குத் திருப்பிக் கொடுக்கிறது.

ஆனாலும் 'வன் ஸ்பிரிங் நைட்' போன்ற ஒரு தொடர், பிள்ளையோடு தனித்திருக்கும் ஒருவருக்கும் இரண்டாவது வாழ்க்கை உண்டு, அதற்காக அவர் யாரிடமும் மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை என்று 16 மணித்தியாலம் பொறுமையாகச் சொல்கிறது. துணையை இழந்த பெண் வெள்ளிக்கிழமை நல்ல சேலை கட்டினாலே கதை கட்டும் ஊர்களில் இது சின்ன விஷயமல்ல.

'ரெயின் ஓர் ஷைன்' பார்க்கத் தொடங்குபவர்களுக்கு ஒரு சொல். ஆரம்பத்திலேயே கட்டடம் இடிந்து பிள்ளைகள் இருட்டுக்குள் சிக்கும் காட்சி வருகிறது. இடைக்கிடை நினைவாகத் திரும்பவும் வரும். பங்கருக்குள் இருந்து எழும்பியவர்கள் அந்த இடங்களைத் தனியே பார்க்கவேண்டாம். யாரையாவது பக்கத்தில் இருத்திக்கொள்ளுங்கள், அல்லது அந்த நிமிடங்களைத் தள்ளிவிட்டுத் தொடருங்கள். கதை விளங்காமல் போகாது.