பாட்டி பெயர் என்ன?

உங்கள் கொள்ளுத்தாத்தாவின் பெயர் தெரியுமா? "ஓ, தெரியுமே!" என்பீர்கள். சரி, கொள்ளுப்பாட்டியின் பெயர்? இப்போது யோசிக்கிறீர்கள் அல்லவா? நானும் இப்படித்தான் விழித்தேன். என்னை விழிக்க வைத்தவர், போத்தனூரில் எங்கள் பக்கத்து வீட்டில் இருக்கும் ஆங்கிலோ இந்திய ஆன்ட்டி.

ஆன்ட்டிக்கு 75 வயது. மகள் குடும்பம் ஆஸ்திரேலியாவில். பேரனுக்குப் பள்ளிக்கூடத்தில் வம்ச மரம் வரைந்து வரச் சொன்னார்களாம். "நம்ம ஃபேமிலியில முதல்ல வந்த வெள்ளைக்காரத் தாத்தா யாரு?" என்று போனில் கேட்டிருக்கிறான்.

"எனக்குக் கண்ணு முன்னே மாதிரி இல்லேம்மா. நீ கூட உக்காந்து எழுதிக் கொடுப்பியா?" என்றார். மத்தியான வேளை எனக்கு ஓய்வுதானே, ஒப்புக்கொண்டேன்.

போத்தனூரில் இவர்கள் எப்படி வந்தார்கள் என்று கேட்காதவர்கள் குறைவு. 1799ல் திப்பு சுல்தான் மறைந்த பிறகு கோயமுத்தூர்ச் சீமை கம்பெனி கைக்குப் போனது. சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரைக்குப் போட்ட ரயில் பாதை 1862ல் போத்தனூர் வழியாகப் போனது. டிரைவர், கார்டு என்று ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களும் வந்து குடியேறின. ஆன்ட்டியின் தாத்தாவும் இன்ஜின் டிரைவர்தான்.

தேடலை வீட்டிலேயே ஆரம்பித்தோம். ஆன்ட்டியின் பழைய பைபிளில் முதல் பக்கத்தில் மூன்று தலைமுறைப் பிறந்த நாட்கள் எழுதியிருந்தன. பிறகு சர்ச்சில் கல்யாணப் பதிவேடு. அதில் மாப்பிள்ளை, பெண், வயது, வேலை, இருவரின் தகப்பனார் பெயர் எல்லாம் இருக்கும். அந்தத் தகப்பனாரின் ஞானஸ்நானப் பதிவைத் தேடினால் அடுத்த படி. போத்தனூரிலிருந்து ஜோலார்பேட்டை, அங்கிருந்து பெரம்பூர் என்று ரயில் பாதையிலேயே பின்னோக்கிப் போனோம்!

அதற்கும் முந்தியது? சென்னை மாகாணத்து சர்ச் பதிவேடுகளுக்கு நகல் எடுத்து லண்டனுக்கு அனுப்பும் வழக்கம் இருந்தது. 1698 முதலான நகல்கள் இன்று அங்கே பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. இப்படித் தேடுகிறவர்களுக்காகவே 1998ல் ஏற்பட்ட 'ஃபிபிஸ்' என்ற சங்கத்தின் பெயர்ப் பட்டியலை இணையத்தில் காசில்லாமல் பார்க்கலாம். என் மகன் உட்கார்ந்து தேடிக் கொடுத்தான்.

கடைசியில் 1820களில் சென்னையில் நடந்த ஒரு ஞானஸ்நானம் கிடைத்தது. குழந்தை பெயர் இருந்தது. தகப்பன் பெயர், அவர் இருந்த பட்டாளம் எல்லாம் இருந்தது. தாய்? 'இந்த நாட்டுப் பெண்' என்று மட்டும். பெயர் இல்லை.

ஆன்ட்டி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை. "பெத்தவ அவதானே? பேர் எழுத ஒரு வரி இடம் இல்லாமப் போச்சா?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

இத்தனைக்கும் இப்படிப்பட்ட தாய்மார்கள் கம்பெனிக்கு வேண்டாதவர்கள் அல்ல. 1687லேயே கம்பெனியின் டைரக்டர்கள் லண்டனிலிருந்து சென்னைக் கோட்டைக்குக் கடிதம் எழுதினார்கள். சிப்பாய்கள் உள்ளூர்ப் பெண்களை மணப்பதை ஊக்குவிக்க, பிறக்கும் குழந்தைக்கு ஞானஸ்நானம் ஆகும் நாளில் தாய்க்கு ஒரு வராகன் கொடுக்கலாம் என்று! வராகனுக்குக் கணக்கு உண்டு, பெயருக்கு இல்லை. நம் அரசியல் சட்டத்தின் 366வது பிரிவும் ஆங்கிலோ இந்தியர் யார் என்பதைத் தகப்பன் வழியை வைத்துத்தான் சொல்கிறது.

'பாவம், அவர்கள் பக்கம் இப்படி' என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். மாமியாரிடம், "அத்தை, மாமாவோட அப்பத்தா பேரு என்னங்க?" என்று கேட்டேன்.

"கூட்டம் கேளு, சொல்றேன். குலசாமி கோயில் கேளு, சொல்றேன். பேரா? ஆத்தான்னுதான் கூப்பிட்டோம். பேரு யாரு கண்டா கண்ணு?"

பெட்டியில் இருந்த பழைய பத்திரத்தை எடுத்துப் பார்த்தேன். 'இன்னார் பாரியாள்' என்று இருந்தது. பாரியாள் என்றால் மனைவி. அதோடு சரி. ஆன்ட்டி வீட்டுப் பதிவேட்டுக்கும் எங்கள் வீட்டுப் பத்திரத்துக்கும் என்ன வித்தியாசம், சொல்லுங்கள்!

அன்று ராத்திரியே பல்லடத்தில் இருக்கும் என் அம்மாவுக்குப் போன் செய்து எங்கள் பக்கத்தைக் கேட்டேன். அம்மா சிரித்தார். "ஏ அம்மிணி, உன்ற அப்பாவோட அப்பத்தா பேரைத்தானே உனக்கு வெச்சிருக்குது? மாமியா பேரை வாயில சொல்லக் கூடாதுன்னு உன்ற அப்பத்தா உன்னைய அம்மிணின்னு கூப்பிட்டாங்க. நாங்களும் அப்படியே கூப்பிட்டுப் பழகிட்டோம்."

ரேஷன் கார்டில் மட்டும் இருக்கும், எனக்கே பிடிக்காத அந்தப் பழங்காலப் பெயர்! அதை வைத்துக்கொண்டு எத்தனை வருஷம் அலுத்துக்கொண்டிருக்கிறேன்!

மறுநாள் ஆன்ட்டி வீட்டில் வம்ச மரத்தை முடித்தோம். சிப்பாய்க்குப் பக்கத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தது. "அதை அப்படியே விடாதே. 'இந்த மண்ணுப் பாட்டி'ன்னு எழுது. பையன் கேட்டா நான் சொல்லிக்கிறேன்" என்றார் ஆன்ட்டி. எழுதினேன்.

சகோதரிகளே, ஒரு நாற்பது பக்க நோட்டுப் போதும். வீட்டில் மூத்த பெண்களிடம் முதலில் கேளுங்கள். ஆண்களுக்கு நிலமும் கோயிலும் ஞாபகம் இருக்கும். எந்த ஊரிலிருந்து யார் வாழ வந்தார்கள், எத்தனை பிரசவம், எது தங்கியது என்பதெல்லாம் பெண்களுக்குத்தான் தெரியும். பழைய போட்டோவின் பின்பக்கம், கல்யாணப் பத்திரிகை, மொய் நோட்டு, சீர்ப் பாத்திரங்களில் வெட்டிய பெயர் இவற்றையும் பாருங்கள். எழுதும்போது 'இன்னார் மனைவி' என்று நிறுத்தாமல் அவள் பெயர், பிறந்த ஊர், அவள் அம்மா பெயர் மூன்றையும் எழுதுங்கள்.

நாளைக்கு என்று தள்ளிப்போடாதீர்கள். என் மாமியாருக்கு 84 வயது. அவருடைய அம்மிச்சி பெயரை நேற்றுத்தான் கேட்டு எழுதிக்கொண்டேன்.