யாரைச் சேர்ப்பது, எப்படிச் சேர்ப்பது?



"அவங்க ஊக்குநருக்குச் சொந்தம், உடனே சேர்த்துக்கிட்டாங்க. நான் மூணு மாசமா கேட்கிறேன், பதிலே இல்லை." இப்படி ஒரு பேச்சு கிளம்பினால் நல்ல குழுவும் ஆட்டம் கண்டுவிடும். யாரைச் சேர்ப்பது என்று முன்கூட்டியே பேசி எழுதி வைக்காத இடத்தில்தான் இந்தச் சண்டை வருகிறது. வேறொரு துறையில் உள்ள தன்னார்வலர்கள் இதற்கு என்ன வழி செய்திருக்கிறார்கள் என்று பார்ப்போம்.

டெபியன் என்பது என்ன?

கணினி ஓடுவதற்கு அடிப்படையான மென்பொருள் ஒன்று வேண்டும். டெபியன் அப்படிப்பட்டது. இயன் மர்டாக் என்பவர் 1993-ல் தொடங்கினார். தன் பெயரையும் தோழி டெப்ராவின் பெயரையும் சேர்த்து இந்தப் பெயரை வைத்தார். இதை யாரும் காசில்லாமல் பயன்படுத்தலாம், திருத்தலாம், மற்றவருக்கும் கொடுக்கலாம். நம் நாட்டில் சி-டாக் நிறுவனம் தயாரித்த 'பாஸ்' மென்பொருளுக்கும் டெபியன்தான் அடிப்படை.

பல நாட்டுத் தன்னார்வலர்கள் சேர்ந்து இதைச் செய்கிறார்கள். தவறான ஒருவர் உள்ளே வந்தால், பயன்படுத்துகிற எல்லோர் கணினிக்கும் ஆபத்து. அதனால் உறுப்பினர் சேர்க்கையில் ரொம்பக் கவனம்.

அவர்கள் சேர்க்கும் முறை

1. முதலில் வேலை. சில காலம் பங்களித்த பிறகே விண்ணப்பிக்கலாம்.
2. ஆள் யாரென்று உறுதி. வழக்கமாக, ஏற்கெனவே உள்ள உறுப்பினர் நேரில் பார்த்து, அடையாள அட்டையைச் சரிபார்ப்பார்.
3. பரிந்துரை. அவருடைய வேலையைத் தெரிந்த உறுப்பினர் ஒருவர் சொல்ல வேண்டும்.
4. கேள்விகள். 1997-ல் எழுதிய 'சமூக ஒப்பந்தம்' என்ற கொள்கையை ஏற்கிறாரா, வேலை தெரிந்தவரா என்று பார்ப்பார்கள்.
5. முடிவு. பரிந்துரைத்தவர் முடிவு செய்வதில்லை. அதற்குத் தனிப் பொறுப்பாளர்கள் உண்டு.

உறுப்பினரானால் ஆளுக்கு ஒரு ஓட்டு. தலைவரை வருடா வருடம் தேர்ந்தெடுக்கிறார்கள். வேலை செய்ய முடியாமல் போனவர் மரியாதையோடு ஒதுங்கிக்கொள்ளலாம், பிறகு திரும்பி வரவும் வழி உண்டு.

விதியை மாற்றவும் செய்தார்கள்

மென்பொருள் தொகுப்பு செய்பவர்களை மனதில் வைத்தே முதலில் சேர்க்கை விதி இருந்தது. மொழிபெயர்ப்பவர், விளக்கம் எழுதுபவர் உழைப்பு கணக்கில் வராமல் நின்றது. 2010-ல் ஓட்டெடுத்து, அவர்களையும் முழு உறுப்பினராக வரவேற்றார்கள். நம்ம குழுவிலும் இப்படித்தானே? கணக்கு எழுதத் தெரிந்தவரைப் பாராட்டுகிறோம். கையெழுத்துப் போடத் தெரியாவிட்டாலும் வீடு வீடாகப் போய் எல்லோரையும் கூட்டத்துக்கு அழைத்து வருகிறவரை மறந்துவிடுகிறோம்.

நமக்கு எது பொருந்தும்?

எல்லாமே பொருந்தாது. தினக்கூலிக்குப் போகும் பெண்ணிடம் "ஆறு மாசம் சும்மா வந்து வேலை செய், பிறகு பார்க்கலாம்" என்று சொல்வது நியாயமில்லை. நம்ம குழுவில் சேமிப்பும் கடனும் இருக்கிறது, 20 பேருக்கு மேல் சேர்க்கவும் முடியாது. ஆனால் விதி எல்லோருக்கும் ஒன்று, அது எழுத்தில் இருக்கணும் என்பது நமக்கும் பொருந்தும். தீர்மான நோட்டில் இவற்றை எழுதுங்கள்:

• இடம் காலியானால் யாருக்கு முன்னுரிமை? ஏழைப் பெண்கள், ஆதரவற்றோர், மாற்றுத்திறனாளிகள் விடுபடவில்லையா?
• சேர்க்க எத்தனை பேர் சம்மதம் வேண்டும்? வேண்டியவர் விண்ணப்பித்தால், சொந்தக்காரர் முடிவிலிருந்து விலகி நிற்பாரா?
• புதிதாக வருபவர் பழைய உறுப்பினர் அளவு சேமிப்பைக் கட்டணுமா? தவணையில் கட்டலாமா?
• எத்தனை கூட்டம் வராவிட்டால் விசாரிப்பது? உடம்பு சரியில்லை, பிரசவம் என்றால் விதிவிலக்கு உண்டா?
• ஒருவரை நீக்கும் முன் அவர் பேச்சைக் கேட்டோமா? கூட்டமைப்பில் முறையிட வழி உண்டா?
• விலகுபவரின் சேமிப்பை, கடன் பாக்கி போக, எத்தனை நாளில் கொடுப்பது?

கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். அது அவர் வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணம். கோபத்தில் யாரும் அதை நிறுத்தி வைக்கக் கூடாது.

அடுத்த கூட்டத்தில் ஒவ்வொன்றாக வாசித்து, எல்லோரும் பேசி, தீர்மானம் போடுங்கள். எழுதியதைப் படித்துக் காட்டிய பிறகே கையெழுத்தோ கைரேகையோ வாங்குங்கள். சண்டை வருவதற்கு முன் எழுதும் விதிதான் எல்லோருக்கும் நியாயமாக இருக்கும்.

– கள ஒருங்கிணைப்பாளர்