திக்கித் திக்கி ஓதும் பிள்ளை

“அண்டை வீட்டுப் பிள்ளை அம்ம ஜுஸ்வு முடித்துவிட்டான்; நம் பிள்ளை இன்னும் எழுத்துக் கூட்டுகிறானே!” என ஏங்கும் தாய்மார் பலர். சிரமப்பட்டுத் திக்கித் திக்கிக் குர்ஆனை ஓதுவோர்க்கு இரட்டை நற்கூலி உண்டென, அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் நபிமொழி புகாரி, முஸ்லிம் இரு நூல்களிலும் உள்ளதன்றோ!

1377-இல் தம் ‘முகத்திமா’வை இயற்றிய இப்னு கல்தூன், பாடத்தைப் படிப்படியாகப் புகட்டுக என்றார், கடுமை காட்டினால் பிள்ளை அஞ்சிப் பொய்யும் பாசாங்கும் பழகும் என்றும் எச்சரித்தார்.

அப்பாசாங்கை யான் கண்ணாரக் கண்டதுண்டு. மக்தபில் ஓதிக்கொடுக்கத் தொடங்கிய இளமையில், ஒரு சிறுவனை மிகவும் விரட்டினேன். பக்கம் முழுவதையும் மளமளவென ஒப்பித்தான். நடுவே ஓர் எழுத்தைச் சுட்டிக் கேட்டேன். ஜீம் எது, ஹே எது என்றறியாது விழித்தான். என் பிரம்புக்கு அஞ்சிச் செவிவழி மனனம் செய்திருக்கிறான்! குற்றம் என்னுடையதே.

மீண்டும் அலிஃபிலிருந்து தொடங்கினோம். நாளொன்றுக்கு இரண்டே எழுத்துக்கள். தடுமாறினால் உடனே எடுத்துக் கொடாமல் சற்றுப் பொறுத்திருந்தேன். (பெற்றோர்க்கும் இதுதான் கடினம்.) சில மாதங்கள் சென்றபின் ஒருநாள், முன்பு ஓதியறியாத வசனமொன்றை அவனே எழுத்துக் கூட்டி ஓதி முடித்து, என் முகத்தைப் பாராமலே அடுத்த வரிக்குச் சென்றான்.