மருந்துச் சாடிகள் கூடத்துக்கு வரும்போது

பழைய மருந்துக் கடைகளின் கண்ணாடிச் சாடிகளும் பீங்கான் பரணிகளும் இன்று காரைக்குடியின் பழம்பொருள் கடைகள் வழியாக வீட்டுக் கூடங்களை அடைகின்றன. ஆயினும் அவற்றின் வடிவழகு, மருந்தைக் கெடாமல் காக்க வேண்டிய கட்டாயத்திலிருந்தே பிறந்தது.

மருத்துவர்களான சவரிராயன் ஏசுதாசனும் எர்னஸ்ட் பாரஸ்டர் பேட்டனும் 1921இல் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கி, அதனோடு மருத்துவமனையும் நடத்திய அக்காலத்தில், ஆங்கில மருந்துகள் பலவும் மருத்துவரின் சீட்டைப் பார்த்துக் கம்பவுண்டர், அதாவது மருந்து கலந்து தருபவர், தூளையும் திரவத்தையும் அளந்து சேர்த்த பின்னரே நோயாளியின் கைக்கு வந்தன. ஆகவே ஒவ்வொரு சரக்குக்கும் அதன் இயல்புக்கேற்ற கலம் தேவைப்பட்டது. வெள்ளி நைட்ரேட் போன்று ஒளியில் சிதையும் பொருள்களுக்குப் பழுப்புக் கண்ணாடியும், ஆவியாகும் திரவங்களுக்கு வாயோடு இழைத்துப் பொருத்திய கண்ணாடி அடைப்பானும் அமைந்தன. நச்சு மருந்துக்கான புட்டிகளுக்கு இங்கிலாந்தில் வரிவரியான மேற்பரப்பு வைத்தார்கள். இருட்டில் எடுத்தாலும் விரல் உணர்ந்துகொள்ளும் என்பதே காரணம். இத்தாலியரின் 'அல்பரெல்லோ' என்னும் மெருகிட்ட மண் மருந்துச் சாடி, மேற்காசியாவிலிருந்து சென்ற வடிவம். நெருக்கி அடுக்கிய வரிசையிலிருந்து உருவி எடுப்பதற்காக அதன் இடை ஒடுங்கியது, தோலை மூடிக் கயிறு கட்டுவதற்காக விளிம்பு புடைத்தது. நம் வீடுகளில் ஊறுகாய்ச் சாடிக்கு வேடு கட்டுவதும் இதே அறிவுதான்.

இச்சாடிகளை வெறுமையாக நிறுத்துவதைவிட, திருப்பத்தூரை அடுத்த ஜவ்வாது மலையின் கடுக்காய், தேன் போன்ற விளைபொருள்களை இட்டு வைப்பது அவற்றுக்கு மிகவும் பொருந்தும். திரிபலையின் மூன்றில் ஒன்றாகவும், வாணியம்பாடி, ஆம்பூர்ப் பகுதித் தோல் பதனிடும் தொழிலுக்குத் துவர்ப்பொருளாகவும் பயன்பட்ட கடுக்காய், உலர்ந்த நிலையில் தெளிந்த கண்ணாடிக்குள் நெடுநாள் கெடாமல் இருந்து கண்ணுக்கும் நிறைவு தரும். தேனுக்கு இழைத்த அடைப்பான் ஆகாது. சர்க்கரை படிந்து கெட்டியாக ஒட்டிக்கொள்ளும். தேன் ஈரத்தையும் ஈர்க்குமாதலால், இறுக மூடக்கூடிய அகன்ற வாய்ச் சாடியே ஏற்றது.

எனினும், எல்லாச் சாடியும் உணவுக்கு உரியதன்று. பாதரசச் சேர்மங்களும் பாஷாணங்களும் இருந்த கலங்கள் உண்டு. ஈயம் கலந்த பழைய மெருகைப் புளிப்பு கரைத்துவிடும். முன்பு என்ன இருந்தது என்று தெரியாத கலத்தில் காய்ந்த பூங்கொத்தையோ விதைகளையோ காட்சிக்கு மட்டும் வையுங்கள்; பெயர் எழுதி ஒட்டிய பழைய சீட்டை எக்காரணம் கொண்டும் சுரண்டி எடுத்துவிடாதீர்கள், அந்தக் கலத்தில் இருந்தது மருந்தா நஞ்சா என்று சொல்லக்கூடிய சான்று பெரும்பாலும் அது ஒன்றே.