சீட்டு ஐந்து, உடம்பு ஒன்று

நோயோடு வாழ்தல் – 7

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக மருத்துவர் சிந்தியா பாய்டும் அவரது குழுவினரும் 2005-இல் ஒரு பாட்டியைக் காகிதத்தில் படைத்தார்கள். வயது 79. சர்க்கரை, ரத்த அழுத்தம், மூட்டுத் தேய்மானம், எலும்பு மெலிவு, நாள்பட்ட நுரையீரல் அடைப்பு என்று ஐந்து நோய்கள். ஒவ்வொரு நோய்க்கும் நிபுணர்கள் வகுத்த நெறிமுறைகளை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தால் பாட்டியின் கதி என்ன என்று கணக்குப் போட்டார்கள். 12 மருந்துகள், மாதம் 406 டாலர் செலவு. அதுபோக உணவுக் கட்டுப்பாடு, உடற்பயிற்சி, பரிசோதனைகள். இவற்றில் சில ஒன்றோடொன்று முட்டவும் செய்தன.

அந்தப் பாட்டி நம் தெருவிலும் இருக்கிறார். சுகருக்கு ஒரு டாக்டர், முழங்காலுக்கு ஒருவர், இதயத்துக்கு இன்னொருவர். ஐந்து சீட்டுகளையும் மஞ்சள் பையில் போட்டு வைத்திருப்பார். ஒவ்வொரு சீட்டும் அதனதன் நோய்க்குச் சரியானதே. அத்தனையும் ஒரே வயிற்றுக்குள் இறங்கும்போதுதான் வம்பு.

ரத்த அழுத்தத்துக்குப் பரவலாக எழுதப்படும் அம்லோடிபினை எடுத்துக்கொள்வோம். நல்ல மருந்து, விலையும் குறைவு. ஆனால் சிலருக்குக் கணுக்கால் வீங்கும். வீங்கிய காலோடு அவர் வேறொரு டாக்டரிடம் போவார். பிரஷர் மாத்திரை மாறிய கதையை அவர் சொல்வதில்லை, கேட்கவும் யாருக்கும் நேரமில்லை. நீர் மாத்திரை எழுதப்படும். இந்த வீக்கமோ நுண்ணிய ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிவதால் வருவது, நீர் மாத்திரைக்கு அவ்வளவாக மசியாது. மாத்திரை மட்டும் தன் வேலையைத் தவறாமல் பார்க்கும். சாயங்காலம் போட்டால் ராத்திரியெல்லாம் எழுந்து நடக்க வேண்டும். சோடியம், பொட்டாசியம் குறையும், எழுந்து நின்றால் தலை சுற்றும். குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், “வயசாச்சு, விழுந்துட்டாங்க” என்று முடித்துவிடுவோம். மருந்தின் பக்கவிளைவைப் புது நோயாக எண்ணி இன்னொரு மருந்தை எழுதும் இந்தச் சங்கிலியைப் பற்றி 1990-களிலேயே பவுலா ரோச்சோன், ஜெரி கர்விட்ஸ் என்ற மருத்துவர்கள் எச்சரித்துவிட்டார்கள்.

மூட்டுவலி மாத்திரை இதைவிட வேகமாகக் கெடுக்கும். டைக்ளோஃபெனாக்கும் அசிக்ளோஃபெனாக்கும் மெடிக்கல் ஷாப்பில் சீட்டே இல்லாமல் கைமாறுகின்றன. டெல்மிசார்டான், லோசார்டான், எனலாப்ரில் போன்ற பிரஷர் மருந்தும் நீர் மாத்திரையும் ஏற்கெனவே எடுப்பவர் அவற்றோடு வலி மாத்திரையையும் சேர்த்தால், சிறுநீரக வடிகட்டிகளுக்குள் ரத்த அழுத்தம் மூன்று வழியிலும் குறைகிறது. கோடையில் வயிற்றுப்போக்கும் சேர்ந்தால் சில நாளிலேயே கிரியாட்டினின் ஏறிவிடும். சிறுநீரகம் மந்தமானால் சுகருக்கான கிளிமிபிரைடின் வீரியம் உடம்பில் நீடித்து, சர்க்கரை மளமளவென்று இறங்கி ஆளை மயக்கத்தில் தள்ளலாம். வலித்தது முழங்கால், விழுந்தது சர்க்கரை. இந்த இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்க்க ஒருவர் வேண்டுமே!

சாப்பாட்டுக் கதை தனி. சுகர் டாக்டர் கீரையும் பயறும் நிறையச் சாப்பிடச் சொல்வார். சிறுநீரக டாக்டரோ பொட்டாசியம் ஏறியிருக்கிறது என்று கீரையைக் குறைத்து, இளநீரையும் வாழைப்பழத்தையும் நிறுத்தச் சொல்வார். இதய டாக்டர் தண்ணீருக்கே அளவு வைப்பார். தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டுவிட்டு, காபிக்கு அரை மணி நேரமாவது காத்திருக்க வேண்டும். சமைக்கிறவர் யார் பேச்சைக் கேட்பார்?

இது வயசானவர்கள் பாடு என்று ஒதுக்கவும் முடியாது. ஸ்காட்லாந்தில் சுமார் 17.5 லட்சம் பேரின் மருத்துவப் பதிவுகளை அலசி 2012-இல் வெளியான ஆய்வில், ஒன்றுக்கு மேற்பட்ட நோயுள்ளவர்களில் பாதிக்கு மேல் 65 வயதைத் தாண்டாதவர்கள். மிக ஏழ்மையான பகுதிகளில் இந்த நிலை வசதியான பகுதிகளைவிடப் பத்துப் பதினைந்து வருடம் முன்னதாகவே வந்துவிடுகிறது.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. நடமாட முடியாதவர்களுக்கு இயன்முறைச் சிகிச்சையும் உண்டு. நோயை விட்டுவிட்டு ஆளைத் தேடிப் போகும் திட்டம் என்பதால் எனக்கு இதன்மேல் மரியாதை அதிகம். ஆனால் கடையில் வாங்கி விழுங்கும் வலி மாத்திரை எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. அதை விசாரித்து எழுதிக்கொள்ளும் வேலையும் சேர்ந்தால்தான் இத்திட்டம் முழுமை பெறும்.

அதுவரை நீங்கள் செய்யக்கூடியது ஒன்று. வீட்டுப் பெரியவரின் மாத்திரைகள் அத்தனையையும், லேகியம், சூரணம், தைலம் உட்பட, ஒரே பையில் போட்டு, நீங்கள் நம்பும் ஒரு பொதுமருத்துவரின் மேசையில் கொட்டுங்கள். “இதில் எது எதற்கு? எதை நிறுத்தலாம்?” என்று கேளுங்கள். ஒரே மருந்து இரண்டு கம்பெனிப் பெயரில் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். கேஸ் மாத்திரை இப்படி இரட்டையாக வருவது சர்வசாதாரணம். நீங்களாக மட்டும் எதையும் நிறுத்திவிடாதீர்கள். இதயத்துக்கான மெட்டோப்ரோலாலைத் திடீரென்று நிறுத்தினால் நெஞ்சுவலியும் மாரடைப்பும்கூட வரலாம்.

(தொடரும்)