எண்ணெய்க் கிணற்றில் 'பாகு பதம்' பார்க்கக் கம்பியில்லாக் கருவி! பாலைவனத்தில் ஒரு மல்லுக்கட்டு

மார்கழி மாசத்தில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்துப் பார்த்தவர்களுக்கு இந்த விஷயம் சட்டென்று புரியும். கவிழ்த்தாலும் சொட்டாது. தட்டினாலும் வராது. வெயிலில் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் வெந்நீரில் முக்க வேண்டும்.

ராஜஸ்தான் மாநிலம் பார்மர் மாவட்டத்தில் பூமிக்கு அடியில் இருந்து வரும் கச்சா எண்ணெயும் அதே ஜாதிதான். ஒரு வித்தியாசம். தேங்காய் எண்ணெய் உறையக் குளிர் வேண்டும். இந்த எண்ணெய் அக்னி நட்சத்திர வெயிலிலேயே உறைந்து போகும்! சூடு 40 டிகிரிக்குப் பக்கத்தில் இறங்கினாலே போதும், மெழுகு மாதிரி நின்றுவிடும். காரணம், அதில் மெழுகு அதிகம்.

இந்த முரட்டு எண்ணெயை வெளியே கொண்டு வருவதற்குள் என்ஜினீயர்கள் படும் பாடு கொஞ்சநஞ்சமல்ல. அதில் ஒரு பகுதிதான் 'பதம்' பார்க்கும் கருவிகளின் கதை. நடுவில் ஒரு பலே திருட்டும் உண்டு.

மங்களா கண்ட மணல்காடு

தார் பாலைவனத்தில் எண்ணெய் தேட 1995-ல் ஒப்பந்தம் போடப்பட்டது. முதலில் அங்கே இருந்தது ஷெல் கம்பெனி. பிறகு அது விலகிக்கொண்டது. கெய்ர்ன் என்ற பிரிட்டிஷ் கம்பெனி விடாமல் துளை போட்டது. 2004 ஜனவரியில் அடித்தது யோகம்! பூமிக்குள் 120 கோடி பீப்பாய்க்கு மேல் எண்ணெய் கிடப்பது தெரிய வந்தது. வயலுக்கு 'மங்களா' என்று பெயர் வைத்தார்கள். பக்கத்தில் கிடைத்த மற்ற இரண்டுக்கும் பாக்யம், ஐஸ்வர்யா என்று பெயர். கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கிறது!

2009 ஆகஸ்ட் 29-ந் தேதி பிரதமர் மன்மோகன் சிங் நேரில் வந்து உற்பத்தியைத் தொடங்கி வைத்தார்.

எண்ணெய் வந்தது சரி. எப்படி அனுப்புவது? சாதாரணக் குழாயில் விட்டால் பாதி வழியில் உறைந்து அடைத்துக்கொள்ளும். ஆரம்பத்தில் சூடு ஆறாத லாரிகளில் ஏற்றிக் குஜராத் கடற்கரைக்கு அனுப்பினார்கள். அப்புறம் குழாய் வந்தது. பார்மரில் இருந்து குஜராத் கடற்கரை வரை சுமார் 670 கிலோமீட்டர். வழி நெடுக மின்சாரத்தால் சூடேற்றிக்கொண்டே இருக்கும் குழாய். உள்ளே போகும் எண்ணெயை 65 டிகிரிக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தொடர்ந்து சூடேற்றும் குழாய்களில் உலகத்திலேயே நீளமானது இதுதான் என்று சொல்லப்படுகிறது.

கஞ்சி காய்ச்சி ஊற்றுகிறார்கள்!

பூமிக்குள் எண்ணெய், குளத்துத் தண்ணீர் மாதிரி தேங்கிக் கிடப்பதில்லை. மணற்பாறையின் பொடிப் பொடி துவாரங்களில் ஒளிந்திருக்கிறது. அதை வெளியே தள்ள, வேறு கிணறுகள் வழியாகத் தண்ணீரை உள்ளே அழுத்துகிறார்கள். மங்களாவில் அதுவும் வெந்நீர்தான். பச்சைத் தண்ணீர் விட்டால் பாறைக்குள்ளேயே மெழுகு படிந்துவிடும்.

ஆனால் தண்ணிக்கு ஒரு கெட்ட குணம். எண்ணெய் தடவிய தலையில் வெறும் தண்ணீரை ஊற்றினால் என்ன ஆகிறது? பிசுக்கு அப்படியே இருக்க, தண்ணீர் மட்டும் வழிந்து ஓடுகிறது. பாறைக்குள்ளும் அதே கதைதான். எண்ணெயைத் தள்ளாமல், சந்து பொந்து பார்த்து முந்திக்கொண்டு மறுபக்கம் வந்து நிற்கும். எண்ணெய்க் கிணற்றில் எண்ணெய்க்குப் பதிலாகத் தண்ணீர் கொட்டும். பொதுவாக இந்த முறையில் எடுத்தால் இருப்பதில் மூன்றில் ஒரு பங்கு கிடைத்தாலே பெரிசு.

இதற்கு வைத்தியம், தண்ணீரையே கெட்டியாக்குவது. பாலி அக்ரிலமைடு வகையைச் சேர்ந்த ஒரு பவுடர். பார்த்தால் சர்க்கரை மாதிரி வெள்ளையாக இருக்கும். தண்ணீரில் கொஞ்சம் கரைத்தாலே கஞ்சி மாதிரி கொழகொழவென்று ஆகிவிடும். கேழ்வரகு மாவு கட்டி தட்டுகிற மாதிரி இதுவும் கட்டி தட்டும். அதனால் பக்குவமாகக் கரைத்து, ஊற வைத்து, அப்புறம்தான் கிணற்றுக்கு அனுப்ப வேண்டும். இந்தக் கஞ்சி, எண்ணெயை முன்னால் தள்ளிக்கொண்டு நிதானமாக நகரும்.

மங்களாவில் 2011-ல் இதைச் சின்ன அளவில் சோதித்துப் பார்த்தார்கள். 2014 வாக்கில் வயல் முழுவதுக்கும் விரிவுபடுத்த ஆரம்பித்தார்கள். நூற்றுக்கு ஒரு பங்கு கூடுதலாக வந்தாலே 1 கோடியே 20 லட்சம் பீப்பாய்! நம் நாடு கச்சா எண்ணெயில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் வெளிநாட்டில் இருந்து வாங்குகிறது. அந்தக் கணக்கைப் பார்த்தால் இந்தக் கஞ்சியின் அருமை தெரியும்.

பதம் தப்பினால் பணம் பாழ்

மிட்டாய்க் கடை மாஸ்டர் சர்க்கரைப் பாகை இரண்டு விரலில் தொட்டு, இழுத்துப் பார்ப்பார். கம்பிப் பதம் வந்துவிட்டதா என்று ஒரு நொடியில் சொல்லிவிடுவார். பதம் தப்பினால் மைசூர்பாகு செங்கல்!

இங்கேயும் பதம்தான் உயிர். பள்ளிக்கூடப் பாடத்தில் 'பாகுநிலை' என்று படித்தோமே, அதே சமாச்சாரம். அளவு, சென்டிபாய்ஸ் கணக்கில். சாதாரணத் தண்ணீர் 1. பாறையின் சூட்டில் இருக்கும் தண்ணீர் அதில் பாதிக்கும் குறைவு. மங்களா எண்ணெயோ பூமிக்குள் இருக்கும்போதே சுமார் 9-ல் இருந்து 20 வரை. கஞ்சி அதற்கு ஈடு கொடுக்க வேண்டும்.

கஞ்சியைக் கெடுக்க ஏகப்பட்ட எதிரிகள். பவுடரின் மூலக்கூறு நீளமான நூல் மாதிரி. குறுகலான வால்வு வழியாக வேகமாகப் பாய்ந்தால் நூல் அறுந்து போகும். தண்ணீரில் ஆக்சிஜனும் இரும்பும் சேர்ந்தால் அரித்துவிடும். உப்பு கூடினால் நூல் சுருங்கிக்கொள்ளும். கரைக்கிற இடத்தில் கெட்டியாக இருந்தது, கிணற்றடிக்குப் போவதற்குள் வெறும் தண்ணியாகி இருக்கலாம். யாருக்கும் தெரியாது. பணம் கொடுத்து வாங்கிய பவுடர் அத்தனையும் பாறைக்குள் போய் ஒரு பிரயோஜனமும் இருக்காது.

வழக்கமான ஏற்பாடு என்ன? ஆள் வேனில் போவார். கிணற்றடியில் சாம்பிள் பிடிப்பார். லேபுக்குக் கொண்டு வருவார். ரிப்போர்ட் வருவதற்குள் பல மணி நேரம் ஓடிவிடும். அதுவரை கெட்ட கஞ்சி உள்ளே போய்க்கொண்டே இருக்கும்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. சாம்பிள் பிடிக்கிறவர் அவசரத்தில் குழாயைச் சட்டென்று திறந்தால், பீறிட்டு வரும் அந்த வேகத்திலேயே நூல் அறுந்துவிடும்! நல்ல சரக்கைப் பிடித்துக் 'கெட்டுப் போச்சு' என்று ரிப்போர்ட் வரும். போதாததற்குக் காற்றுப் பட்டாலும் ஆகாது. இதற்கென்றே தனி உருளை வைத்து, அழுத்தம் குறையாமல் மெல்லப் பிடிக்க வேண்டும். அளக்கப் போன கையே கெடுத்த கதை இது!

தண்ணீர் என்று சீட்டு... உள்ளே எண்ணெய்!

குழாய்க்குள் என்ன ஓடுகிறது என்று தெரியாவிட்டால் நஷ்டம். லாரிக்குள் என்ன போகிறது என்று தெரியாவிட்டால்? அதற்கும் பார்மரிலேயே உதாரணம் இருக்கிறது.

எண்ணெயோடு சேர்ந்து வெளிவரும் கழிவுத் தண்ணீரை எடுத்துச் செல்ல டேங்கர் லாரிகள் ஓடின. 2017 ஜூலையில் ராஜஸ்தான் போலீசார் சில லாரிகளின் குட்டை உடைத்தார்கள். தண்ணீர் என்று கணக்கு எழுதி, கச்சா எண்ணெயை நிரப்பிக்கொண்டு போனார்களாம்! ஒரு நாள், இரண்டு நாள் அல்ல. சுமார் 6 வருஷம்! சுமார் 5 கோடி லிட்டர், மதிப்பு 49 கோடி ரூபாய் என்று போலீசார் அப்போது கணக்குச் சொன்னார்கள். பலர் மீது வழக்கு, கைது என்று ஊரே பரபரத்தது.

ஒரு லாரிக்கு 20 ஆயிரம் லிட்டர் என்று வைத்துக்கொண்டால் 2,500 நடை. போலீஸ் சொன்ன மதிப்பை வகுத்துப் பார்த்தால் லிட்டர் பத்து ரூபாய்கூடத் தேறவில்லை. தண்ணீர் பாட்டிலே அதைவிட அதிகம்! இதில் போனது கம்பெனிப் பணம் மட்டும் அல்ல. ராஜஸ்தான் அரசுக்கு ராயல்டி, மத்திய அரசுக்கு லாபத்தில் பங்கு. அதுவும்தான் லாரி ஏறிப் போனது.

இசைக்கவை சொல்லும் சேதி

இப்போது எண்ணெய் உலகில் பேசப்படுவது, குழாயிலேயே உட்கார்ந்து பதம் பார்க்கும் கருவி. சூத்திரம் ரொம்ப எளிசு. பள்ளி சயன்ஸ் லேபில் இசைக்கவை பார்த்திருப்போம். தட்டினால் 'ணங்' என்று அதிரும். அதைத் தண்ணீரில் வைத்து அதிர வைத்தால் ஒரு மாதிரி அடங்கும். தேனில் வைத்தால் உடனே அடங்கிவிடும். எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது என்று பார்த்தே பதத்தைச் சொல்லிவிடலாம். இந்த இசைக்கவையை மின்சாரம் தட்டிக்கொண்டே இருக்கும். இன்னொரு வகை, நீளமான சின்னக் குழாயின் இரு முனையிலும் அழுத்தம் அளப்பது. கெட்டியாக இருந்தால் முன்னும் பின்னும் வித்தியாசம் கூடும்.

சரி, கருவி கண்டுபிடித்ததை யார் வந்து சொல்வது? கிணறுகள் பாலைவனத்தில் சிதறிக் கிடக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் பள்ளம் தோண்டிக் கேபிள் போட்டால் கருவியின் விலையைவிடக் கேபிள் செலவு தாண்டிவிடும். அங்கேதான் ஒயர்லெஸ் கைகொடுக்கிறது.

போலீஸ் ஜீப்பில் கரகரக்கும் ஒயர்லெஸ் நமக்குத் தெரியும். இது பேசாத ஒயர்லெஸ். தொழிற்சாலைக் கருவிகளுக்கென்றே 'வயர்லெஸ் ஹார்ட்' என்ற பொதுமுறை 2007-ல் வந்தது. தூரத்துக் கருவி தன் சேதியைப் பக்கத்துக் கருவியிடம் சொல்லும். அது அடுத்ததிடம் சொல்லும். தெருக்குழாயில் தண்ணீர் வந்த சேதி வீடு வீடாகப் போகிற மாதிரி, கண்ட்ரோல் ரூம் வரை போய்ச் சேரும். நடுவில் ஒன்று படுத்துவிட்டால் வேறு வழியாகச் சுற்றிப் போகும். இயங்குவது பேட்டரியில். எண்ணெயும் வாயுவும் இருக்கிற இடம் என்பதால் ஒரு பொறிகூடக் கிளம்பாதபடி செய்திருக்க வேண்டும்.

தொல்லை தீரவில்லை

இத்தனை இருந்தும் மெழுகு விட்டபாடில்லை. கச்சா எண்ணெய் ஓடும் குழாயில் இசைக்கவையின் மேலேயே மெழுகு படிந்துவிடும். உள்ளே எண்ணெய் தண்ணீராக ஓடினாலும் கருவி 'கெட்டி, கெட்டி' என்று பொய் சொல்லும். யாராவது போய்க் கழற்றிச் சுத்தம் செய்தாக வேண்டும்.

கஞ்சி வேறு மாதிரி படுத்தும். வேகமாக ஓடினால் இளகும், மெதுவாக ஓடினால் கெட்டியாகும். எந்த வேகத்தில் அளந்தது என்று சொல்லாமல் பதத்தை மட்டும் சொன்னால் அர்த்தமே கிடையாது. பேட்டரிப் பிரச்சினையும் இருக்கிறது. இசைக்கவையை ஓயாமல் ஆட்டினால் பேட்டரி சீக்கிரம் தீரும். அதனால் விட்டு விட்டுத்தான் அளக்க முடியும்.

பூமிக்கு உள்ளே? ரேடியோ அலை மண்ணையும் பாறையையும் இரும்புக் குழாயையும் துளைத்து அவ்வளவு தூரம் வராது. ஆக, இந்த ஒயர்லெஸ் எல்லாம் தரைக்கு மேலேதான். பாறைக்குள் கஞ்சி எப்படிப் போகிறது என்பதை, மறுபக்கக் கிணற்றில் வருவதைப் பார்த்துத்தான் ஊகிக்கிறார்கள்.

அதனால் லேப் சாம்பிளை இன்னும் யாரும் கைவிட்டுவிடவில்லை. கருவி ஒரு எண்ணைச் சொல்லும். லேப் ஒரு எண்ணைச் சொல்லும். இரண்டும் ஒத்துப்போனால் நிம்மதி. ஒத்துப்போகாத நாளில், சாம்பிள் உருளையைத் தூக்கிக்கொண்டு ஆள் மறுபடி வேன் ஏறி கிணற்றடிக்குப் போகத்தான் வேண்டியிருக்கிறது.