குளிர்ந்த காப்பியும் படச்சுருளும்

காப்பி பருகுவதற்கு உரியது. புகைப்படம் பார்ப்பதற்கு உரியது. இவ்விரண்டிற்கும் இடையே இரசாயன உறவு ஒன்று உண்டு என்பதைப் பலர் அறியார். பகல் முழுதும் அலுவலிலும், மாலை முழுதும் குழந்தைகளிடத்திலும் கழியப்பெறும் பெற்றோர்க்கு, வீட்டிலேயே குளிர்ந்த காப்பி தயாரித்தலும், படச்சுருள் காமிராவில் எடுத்த கருப்பு வெள்ளைப் படங்களைத் தாமே துலக்குதலும் ஏற்ற பொழுதுபோக்குகளாகும். முன்னதற்கு இரவில் பத்து நிமிடம் போதும். எஞ்சிய வேலையை நீரும் நேரமும் செய்துவிடும். பின்னதற்குக் குழந்தைகள் உறங்கிய பின்னர் ஒரு மணி நேரம் வேண்டும். இரண்டிற்கும் மூலப்பொருள் ஒன்றே. ஆனால் அந்த ஒற்றுமையிலேயே ஓர் ஆபத்தும் அடங்கியுள்ளது. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

பாலக்காட்டு மாவட்டத்தின் கிழக்கெல்லையான சித்தூர் வட்டத்திலும், இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், பீர்மேடு, உடும்பஞ்சோலை வட்டங்களிலும் தமிழ் பேசும் குடும்பங்கள் பல வாழ்கின்றன. நெல்லியாம்பதி மலையிலும் இடுக்கி மலைகளிலும் காப்பி விளைகிறது. ஆயினும் தட்பவெப்பத்தில் இப்பகுதிகள் ஒன்றற்கொன்று நேர்மாறானவை. மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாய் வழியே வறண்ட காற்று வீசும் பாலக்காட்டில் ஏப்ரல் மாதத்தில் வெப்பநிலை 38 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டுவதுண்டு. ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலுள்ள மூணாறிலோ ஜனவரி விடியற்காலையில் அது சுழியை நெருங்குவதுண்டு. காப்பியைக் குளிர வைப்பவரும் படச்சுருளைத் துலக்குபவரும் இவ்வேறுபாட்டை முதலில் கருத்திற்கொள்ள வேண்டும்.

குளிர்ந்த காப்பி இருவகைப்படும். வடிகட்டியில் இறக்கிய டிக்காஷனை ஆறவைத்து, பாலும் சர்க்கரையும் பனிக்கட்டியும் சேர்த்துக் கலக்குவது ஒன்று. சற்றுக் கரகரப்பாக அரைத்த பொடியைக் குளிர்ந்த நீரிலேயே ஊறவைத்து வடிப்பது மற்றொன்று. இரண்டாம் முறையில் ஒரு லிட்டர் நீருக்கு 100 கிராம் பொடி இட்டு, பன்னிரண்டு முதல் பதினெட்டு மணி நேரம் ஊறவிடுவர். காப்பியிலுள்ள காபீன் என்னும் பொருள் குளிர்ந்த நீரில் கரையாது என்று சிலர் எண்ணுவது பிழை. 25 டிகிரியில் ஒரு லிட்டர் நீர் 20 கிராமுக்கு மேற்பட்ட காபீனைக் கரைக்க வல்லது. நாம் பருகும் காப்பியில் இருப்பதோ ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிராமளவே. ஆகவே குறைவது கரையும் அளவன்று, கரையும் வேகமே. வெந்நீர் சில நிமிடங்களில் செய்வதைத் தண்ணீர் ஓர் இரவில் செய்கிறது. 2018-இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் வெளியிடப்பெற்ற ஆராய்ச்சி ஒன்று, இருவகைக் காப்பியின் பி.எச். அளவும் ஏறக்குறைய ஒன்றே என்றும், ஆனால் மொத்த அமிலப் பொருள்கள் வெந்நீர்க் காப்பியிலேயே மிகுதி என்றும் கண்டது. குளிர்ந்த காப்பி நாவிற்கு மென்மையாகத் தோன்றுவதற்கு இது ஒரு காரணமாதல் கூடும்.

கொதிக்க வைக்காத பானம் ஆதலின், கிருமிகளைக் கொல்லும் வாய்ப்பு இம்முறையில் இல்லை. நீரை முன்னரே கொதிக்க வைத்து ஆற்றிக்கொள்ளல் வேண்டும். ஊறுங்காலம் முழுதும் பாத்திரம் குளிர்பதனப் பெட்டியினுள் இருத்தல் வேண்டும். பால் சேர்த்தபின் அன்றைக்கே பருகிவிடுக. சித்தூரில் கோடைக்காலத்து இரவில், மேசைமீது மூடி வைத்தாலும் போதும் என்று நம்புவது தவறு. குழந்தைகளுக்கு இப்பானத்தைக் கொடாதிருத்தலே நன்று.

இனிப் படச்சுருளைக் காண்போம். காப்பிக் கொட்டையில் குளோரோஜெனிக் அமிலம் என்னும் பொருள் உண்டு. ரொபஸ்டா இனத்தில் அது அரபிகாவினும் மிகுதி. காரத்தன்மையுள்ள நீரில் இது சிதைந்து காபீக் அமிலத்தைத் தருகிறது. பெயரொற்றுமை கண்டு இதனைக் காபீன் என மயங்கலாகாது. படம் துலங்குவதில் காபீனுக்குப் பங்கே இல்லை. காபீக் அமிலம் எளிதில் ஆக்ஸிகரணம் அடையும் இயல்பினது. அதாவது, பிற பொருள்களுக்கு எலக்ட்ரான்களை ஈந்துவிட வல்லது. நெடுநேரம் திறந்து வைத்த காப்பி சுவை கெடுவதற்குக் காரணமான காற்றின் ஆக்ஸிகரணமே, தக்க இடத்தில் நிகழ்த்தினால் மறைந்திருந்த உருவத்தை வெளிக்கொணர்கிறது.

படச்சுருளின்மீது ஜெலட்டினில் நுண்ணிய வெள்ளி ஹாலைடு துகள்கள் பரப்பப்பட்டுள்ளன. காமிராவின் கதவு ஒரு விநாடியின் நூற்றில் ஒரு பங்கு நேரம் திறந்து மூடும்போது, ஒளி பட்ட துகள்களில் நாலைந்து வெள்ளி அணுக்களே தோன்றுகின்றன. கண்ணுக்குப் புலனாகாத இதனையே மறைந்த உருவம் என்பர். துலக்கும் திரவம் இவ்வணுக்கள் தோன்றிய துகள்களை மட்டும் தேடிப் பிடித்தாற்போல் முழுவதும் உலோக வெள்ளியாக மாற்றிவிடுகிறது. கோடிக்கணக்கான அணுக்கள் இவ்வாறு மாறுதலால், ஒளியின் சிறு செயல் பன்னூறு கோடி மடங்கு பெருகுகிறது. நம் ஊர்களில் இதனைப் ‘பிலிம் கழுவுதல்’ என்று கூறும் வழக்கம் உண்டு. மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் அச்சொல்லின் எளிமையை நான் மதிக்கிறேன். ஆயினும் கழுவுதல் இத்தொழிலின் கடைசிப் படிகளுள் ஒன்றே என்பதை அது மறைத்துவிடுகிறது.

காப்பியால் படம் துலக்கும் முறையை 1995-இல் அமெரிக்காவின் ரோச்செஸ்டர் தொழில்நுட்பக் கழகத்தில் ஸ்காட் வில்லியம்ஸ் என்னும் பேராசிரியரும் அவர்தம் மாணவர்களும் வெளியிட்டனர். கோடாக் கம்பெனி பிறந்த ஊர் அதுவேயாம். பின்னர் வைட்டமின் சி, அதாவது அஸ்கார்பிக் அமிலம், சேர்க்கும் வழக்கம் வந்தது. இவை இரண்டும் தனித்தனியே மந்தமானவை, கூடினால் வேகமுறுகின்றன.

இன்று பெரிதும் வழங்கும் அளவு வருமாறு: ஒரு லிட்டர் நீரில் நீரற்ற சலவைச் சோடா 54 கிராம், வைட்டமின் சி தூள் 16 கிராம், இன்ஸ்டண்ட் காப்பித் தூள் 40 கிராம். சிறு தொட்டி 300 மில்லிலிட்டர் கொள்ளுமாயின் முறையே 16, 5, 12 கிராம் போதும். முதலில் சோடாவைக் கரைத்துத் தெளிந்தபின், வைட்டமினைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். கரியமில வாயு நுரைத்தெழும். கடைசியாகக் காப்பித் தூளை இட்டுக் கலக்கி, குமிழிகள் அடங்க ஐந்து நிமிடம் விட்டு, உடனே பயன்படுத்துக. மறுநாளைக்கு எடுத்து வைத்தால் காற்றே இதன் ஆற்றலை உண்டுவிடும். விலை மிகுந்த காப்பி இதற்கு வேண்டா. சிக்கரி கலந்த தூள்களில் காப்பி பாதியளவே இருத்தலும் கூடும். ஆதலால் உறையின்மீதுள்ள விகிதத்தைப் படித்துச் சிக்கரி கலவாததையே வாங்குக. சப்பிச் சாப்பிடும் வைட்டமின் மாத்திரைகளில் சர்க்கரையும் நிறமும் கலந்திருப்பதால் தூய தூளே ஏற்றது.

சோடாவில்தான் பலர் ஏமாறுகின்றனர். சமையல் சோடா வேறு, சலவைச் சோடா வேறு. இக்கட்டுரையாளன் முதன்முறை செய்தபோது சமையல் சோடாவை இட்டு, மகளின் பள்ளி ஆண்டு விழாவில் எடுத்த முப்பத்தாறு படங்களையும் இழக்க நேர்ந்தது. சுருளில் புகை படிந்தாற்போன்ற நிழல்களே எஞ்சின. சமையல் சோடாவின் காரத்தன்மை மிகக் குறைவாதலின் காபீக் அமிலம் செயற்படவில்லை என்பதைப் பின்னரே உணர்ந்தேன். சலவைச் சோடாவிலும், படிகமாக விற்கப்படுவதில் நீர் மிகுதியாகப் பிணைந்துள்ளது. நீரற்ற தூள் 54 கிராமுக்கு ஈடாகப் படிகச் சோடா ஏறத்தாழ 146 கிராம் வேண்டும். காஸ்டிக் சோடாவை எக்காரணம் பற்றியும் இதற்கு மாற்றாகக் கொள்ளற்க. அது தோலையும் கண்ணையும் அரித்துவிடும்.

சுருளை ஒளி புகாத துணிப் பையினுள் கையை நுழைத்துச் சுற்றுச்சட்டத்தில் ஏற்றி, ஒளி புகாத தொட்டியில் இட்டு மூடிவிட்டால், அதன்பின் இருட்டறை வேண்டுவதில்லை. விளக்கொளியிலேயே சமையலறை மேடையில் வேலை நடக்கும். 20 டிகிரியில் பதினைந்து நிமிடம் துலக்க வேண்டும். முதல் அரை நிமிடம் தொடர்ந்தும், பின்னர் நிமிடத்திற்கு மூன்று முறையும் தொட்டியைக் கவிழ்த்து நிமிர்த்துக.

இங்குத்தான் பாலக்காடும் மூணாறும் பிரிகின்றன. வெப்பம் ஏறினால் துலக்கம் விரைவுபடும். 24 டிகிரியில் பத்து அல்லது பதினொரு நிமிடமே போதியது. அதற்கு மேலும் ஏறினால் ஜெலட்டின் ஊதி மென்மையடையும். ஒரு திரவம் சூடாகவும் அடுத்தது குளிர்ச்சியாகவும் இருப்பின் அது சுருங்கிச் சிறு சுருக்கங்கள் விழுவதும் உண்டு. ஆகவே பாலக்காட்டில் எல்லாத் திரவங்களையும், கழுவும் நீர் உட்பட, பனிக்கட்டி இட்ட ஒரே வாளியில் நிறுத்தி வெப்பநிலையைச் சமன்செய்க. மூணாற்றிலோ குளிர்காலத்தில் வாளியில் வெந்நீர் ஊற்ற நேரிடும். 1960-இல் நிறுவப்பெற்ற இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்னும் மத்திய அரசுத் தொழிற்சாலை, வெயில் காயும் சமவெளியில் அன்றி, உதகமண்டலத்தின் குளிர்ந்த மலைமீது அமைந்திருந்ததை இவ்விடத்து நினைவுகூரலாம். அங்கு ‘இந்து’ என்னும் பெயரில் படச்சுருள் உற்பத்தியாயிற்று. அத்தொழிற்சாலை இன்று மூடப்பட்டுவிட்டது.

துலக்கிய சுருளை இருமுறை நீரில் அலசி, நிலைநிறுத்தும் திரவத்தில் இடவேண்டும். இதற்குச் சமையலறையில் மாற்றுப்பொருள் இல்லை. ஹைப்போ எனப்படும் சோடியம் தயோசல்பேட்டையே வாங்க வேண்டும். ஒளி படாது எஞ்சிய வெள்ளி ஹாலைடைக் கரைத்து அகற்றுவது அதன் தொழில். படச்சுருளின் நுனித்துண்டு ஒன்றை முன்னதாக அத்திரவத்தில் இட்டு, அது எத்துணை நிமிடத்தில் தெளிகின்றதோ அதனைப்போல் இருமடங்கு நேரம் சுருளை வைத்திருப்பது முறை.

கழுவுவதற்குக் குழாயை அரை மணி நேரம் திறந்துவிடும் பழக்கம், மழை குறைந்த சித்தூர்ப் பகுதிக்குப் பொருந்தாது. படிகாரம் சேராத ஹைப்போவைப் பயன்படுத்தியிருப்பின், தொட்டியில் நீர் நிரப்பி ஐந்து முறை கவிழ்த்துக் கொட்டுக. மீண்டும் நிரப்பிப் பத்து முறை. மூன்றாம் முறை இருபது. இங்கிலாந்தின் இல்போர்டு கம்பெனி பரிந்துரைத்த இம்முறைக்கு ஒரு லிட்டர் நீர்கூட ஆகாது. பயன்படுத்திய ஹைப்போவில் வெள்ளி கரைந்திருக்கும். அது நீர்வாழ் உயிர்களுக்குத் தீங்கு செய்யுமாதலின் ஓடையிலோ கிணற்றருகிலோ ஊற்றலாகாது. துருப்பிடிக்கக்கூடிய இரும்பு நாரை அதில் இரண்டொரு நாள் இட்டு வைத்தால் இரும்பு கரைந்து, வெள்ளி கரிய வண்டலாகப் படியும்.

முதலில் குறிப்பிட்ட ஆபத்து இதுதான். குளிர்பதனப் பெட்டியில் ஊறும் காப்பியும், மேடைமீதுள்ள துலக்கும் திரவமும் நிறத்தில் வேறுபாடற்றவை. தாகத்தோடு எழுந்துவரும் குழந்தை மணத்தைக் கொண்டு இரண்டையும் பிரித்தறியும் என்று எதிர்பார்த்தல் இயலாது. சலவைச் சோடாக் கரைசல் வாயையும் தொண்டையையும் கண்ணையும் புண்ணாக்கும். ஆகவே துலக்கும் திரவத்தைப் பானப் பாட்டிலிலோ தம்ளரிலோ ஒருபோதும் ஊற்றற்க. கலக்கும் பாத்திரம், கரண்டி, அளவுக்குவளை அனைத்தும் தனியாக, பெயரெழுதி, பூட்டும் அலமாரியில் இருத்தல் வேண்டும். வேலை முடிந்த கையோடு எஞ்சிய திரவத்தை நீர் விட்டுக் கொட்டிவிடுக. அது மறுநாளைக்கு உதவாது என்பது இவ்வகையில் நல்லதே. குளிர்விக்கும் பொருட்டுக்கூட அதனைக் குளிர்பதனப் பெட்டியினுள் வைக்கலாகாது. அதற்குப் பனிக்கட்டி வாளியே உரியது. தவறி எவரேனும் விழுங்கிவிட்டால் வாந்தி வருவிக்க முயலாமல், வாயைக் கொப்பளிக்கச் செய்து உடனே மருத்துவமனைக்கு எடுத்துச் செல்க. கண்ணில் தெறித்தால் பதினைந்து நிமிடம் தூய நீரால் கழுவுக.

ஆசிரியர்கள் இதனை வகுப்பறையில் காட்ட விரும்பினால் இருட்டும் காமிராவும் வேண்டுவதில்லை. புதிய சுருளின் நுனியில் ஓரளவு நீளம் எப்படியும் வெளிச்சம் பட்டு வீணாவதே. அதனை நகத்தளவு துண்டுகளாக வெட்டி, ஒன்றைக் காப்பித் தூளும் நீரும் மட்டும் உள்ள குவளையிலும், மற்றொன்றைச் சமையல் சோடா கலந்த காப்பியிலும், மூன்றாவதை முழுக்கலவையிலும் ஒரே நேரத்தில் இடச் செய்க. மாணவர்கள் கையுறையும் கண்ணாடியும் அணிந்து, இடுக்கியால் நிமிடந்தோறும் எடுத்துப் பார்த்து, நிறமாற்றத்தைக் குறித்துக்கொள்ளட்டும். மூன்றாம் துண்டு சில நிமிடங்களில் கருத்துவிடும். முதலிரண்டும் பதினைந்து நிமிடமாகியும் அவ்வாறு கருப்பதில்லை. கோடையில் செய்தால், அன்றைய அறை வெப்பநிலையையும் பலகையில் எழுதி வைக்க மறவற்க.